சிவப்பு மருந்து ஏறிய நாள்

ஜோர்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனை. கீமோ ஏற்றும் அறையில் எனக்கு அடுத்த நாற்காலி அவருடையது. அறுபதைத் தாண்டிய பெண்மணி. தலையில் முடியில்லை, நெற்றியில் மட்டும் பெரிய பொட்டு. ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருந்தார். அப்படிச் செய்தால் வாய்ப்புண் அவ்வளவாக வராதாம்.

எனக்கு அன்றுதான் முதல் தடவை. மார்புப் புற்றுநோய்க்கு, ரோஜா சிராப் கலந்த தண்ணீர்போலச் சிவப்பாக ஒரு மருந்து. மண்ணில் வாழும் கிருமியிலிருந்து எடுத்த ஆன்டிபயாட்டிக் வகை, செல்லின் மரபணு இழைக்குள் புகுந்து அதைப் பெருகவிடாமல் செய்யும், முடி கொட்டும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். முடி என்றதுமே எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் ஏறவில்லை.

அது முடிந்து அடுத்த மருந்து ஏறும்போது ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு கழிவறைக்குப் போனேன். சிறுநீர் சிவப்பாகப் போனது. ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சிவப்பா போச்சா? ரத்தம் இல்லம்மா, அந்த மருந்தோட கலர்தான்லா. தானா நின்னுடும்."

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அவர் தொடர்ந்தார்.

"எனக்கு மொத தடவை இப்படிப் போனப்போ நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இந்த வயசுல மறுபடியும் தீட்டு வந்திருச்சின்னு சாமி மேடை பக்கமே போகல. கும்பிட வேண்டிய நேரத்துல ஒதுங்கி நின்னேன் பாரு!"

சிரித்த சிரிப்பில் ஐஸ் கட்டி அவர் மடியில் விழுந்தது. நானும் சிரித்தேன். நோய் தெரிந்த பிறகு அதுதான் என் முதல் சிரிப்பு.

மாலையில் வீட்டிலும் சிவப்பாகத்தான் போனது. குளித்துவிட்டு நேரே போய் விளக்கேற்றினேன். அவருக்காக வேண்டிக்கொள்ளும்போதுதான், பெயர்கூடக் கேட்காமல் வந்தது உறைத்தது. பெயரும் நட்சத்திரமும் இல்லாமல், 'பெரிய பொட்டு வச்ச அக்கா' என்றே சாமியிடம் சொன்னேன்.