ஐந்து நீதிபதிகளுக்கு நேர்ந்த தீப்பந்தம்

பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறினால் காரமடை பக்கம்தான். அங்கே ரங்கநாதர் கோயில் மாசித் தேருக்கு எங்கள் வீதியே வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடும். அடுத்த வீட்டுச் சென்னியக்கா மட்டும் வரமாட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். இருபது வருசம் அப்படி.

காரணத்தை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். எமர்ஜென்சியில் அவள் வீட்டுக்காரர் அழகிரிசாமியைப் போலீஸ் கொண்டுபோய் ஜெயிலில் வைத்தது. மில் சங்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். விசாரணை கிடையாது. அப்படி அடைபட்டவர்கள் கோர்ட்டுக்குப் போகலாமா கூடாதா என்பதே டெல்லி உச்ச நீதிமன்றத்தில் வழக்காக நடந்தது. கூடாது என்றது பிரதமரின் அரசாங்கம்.

"அஞ்சு ஜட்ஜுங்க உக்காந்திருக்காங்க அம்மணி. அவுங்க எதுத்து நின்னாத்தான் உண்டு" என்றார் வக்கீல் வரதராஜுலு.

அக்கா நேராகக் காரமடைக்குப் போனாள். தேருக்குத் தீப்பந்தம் ஏற்றுவதாக நேர்ந்துகொள்வது அங்கே வழக்கம். "ரங்கநாதா, அஞ்சு பேருக்கும் பயமில்லாத மனசைக் குடு. ஆளுக்கு ஒண்ணா அஞ்சு பந்தத்துக்குத் துணியும் எண்ணெயும் கொண்டாறேன்" என்று வேண்டிக்கொண்டாள். புருசன் வரவேண்டும் என்று வேண்டவில்லை. அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

வழக்கு தோற்றது. அடுத்த வருசம் தேர்தல் வந்ததில் அவர் வீடு வந்து சேர்ந்தார். வந்தவர் அதிகம் பேசவில்லை. குழந்தையும் இல்லை. எண்பத்தொன்பதில் இறந்துபோனார். ஆள் வந்தார், ஆனால் கேட்டது நடக்கவில்லை. பந்தம் கொடுத்தால் பொய்யாகும். கொடுக்காமல் சாமி முகத்தில் எப்படி முழிப்பது?

தொண்ணூற்றாறு தை மாதம். ஒரு கல்யாணப் பந்தியில் வரதராஜுலு எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏனுங்க வக்கீலய்யா, அந்த அஞ்சு பேரும் ஏனுங்க அப்படிப் பயந்துபோட்டாங்க?" என்றாள் அக்கா.

அவர் இலையிலிருந்து நிமிர்ந்தார். "அஞ்சுன்னு யாரு சொன்னா? நாலு பேருதான் சர்க்கார் பக்கம். ஒருத்தரு அதை ஒத்துக்க முடியாதுன்னு தீர்ப்பு எழுதினாரே!"

"நீங்க சொல்லவே இல்லீங்களே."

"தோத்த கேஸுல அதையெல்லாம் யாரு கேட்டா அம்மணி? அவரு தலைமை நீதிபதி ஆகவேண்டியவரு. அவருக்குக் கீழ இருந்தவரைத் தூக்கி மேல வெச்சுட்டாங்க. இவரு ராஜினாமாப் பண்ணிட்டுப் போயிட்டாரு."

அக்கா பாயசத்தைத் தொடவில்லை. "ஒருத்தருக்காச்சும் சாமி குடுத்திருக்குது கண்ணு. நாந்தான் இத்தனை வருசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்துபோட்டேன்" என்றாள் என்னிடம்.

அந்த மாசியில் நாங்கள் இருவரும் போனோம். அவள் பையில் ஒரு பந்தத்துக்கான வெள்ளைத் துணி, கையில் தூக்குப்போசி நிறைய எண்ணெய். கம்பில் துணி சுற்றிப் பந்தம் கட்டுகிறவர் பையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னுங்க ஆத்தா, ஒரே ஒரு பந்தம்? அவனவன் வண்டியில ஏத்திக்கிட்டு வாறான்!"

"அஞ்சு நேந்தேனுங்க. ஒண்ணுதான் பலிச்சுது."

"அப்ப மீதி நாலு?"

"அது அவுங்க பாடு."

துணி எரிந்து கருகும்வரை அக்கா அந்த ஒரு பந்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம்தான் கோயிலுக்குள் வந்தாள்.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் பட்டர்.

அக்கா திகைத்துவிட்டாள். வக்கீலிடம் பேரைக் கேட்க மறந்திருந்தாள். "டெல்லியில ஒருத்தருங்க."

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க. நாலு பேரு ஒரு பக்கம் போக, ஒத்தையா நின்னவருங்க."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. பட்டர் ஒரு நொடி பார்த்துவிட்டு, சாமி பேருக்கே அர்ச்சனை செய்து துளசியைக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் பாதித் துளசியை என் கையில் வைத்தாள்.

"அப்படி எழுதிப்போட்டு ஊட்டுக்குப் போனாரே, அன்னைக்கு அவருகிட்டப் பேச யாராச்சும் இருந்திருப்பாங்களா கண்ணு?"

பஸ் எங்கள் ஊரில் நின்றது, இறங்கி நடந்தோம். வீதி இன்னும் பூட்டித்தான் கிடந்தது. அக்கா தன் கதவைத் திறந்து உள்ளே போனாள். அன்றைக்குச் சாத்தவில்லை.