வருமானச் சான்றுக்கு நான் சொன்ன பதில்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒருத்தர் வாசலிலும் போய்க் கையேந்தவில்லை. படிப்பு என்றால், கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டுவேன், அவ்வளவுதான்.

கடைசிப் பெண் பன்னிரண்டாவது முடித்த வருஷம் நடந்தது இது. பர்கூர் இன்ஜினியரிங் காலேஜில் அவளுக்கு இடம் கிடைத்தது. பாகலூர் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து தினம் போய்வருகிற தூரமா அது? அரசு விடுதியில் சேர்ந்தால் சோறும் தங்கலும் இலவசம், உதவித்தொகையும் உண்டு, வருமானச் சான்று ஒன்று வாங்கினால் போதும் என்றாள். ஏழைப் பிள்ளைகளுக்காம். ஏழை என்று தேடிவந்து கொடுக்கிற சர்க்காரை நான் அதுவரை பார்த்ததில்லை. இதில் வேறு ஏதோ இருக்கிறது என்றே பட்டது.

காரணம் இருந்தது. அதற்கு நாலு வருஷம் முன்னால் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க வந்தவர்களும் நோட்டைப் பிரித்து இதையேதான் கேட்டார்கள்: என்ன விளைகிறது, எவ்வளவு வருகிறது? வரி ஏறிவிடுமோ என்று பயந்து என் கொழுந்தனார், "ராகி கூட ஒழுங்கா வராது சார்" என்றார். தரிசுக்கு உண்டான விலைதான் கைக்கு வந்தது. ரோஜாத் தோட்டம் என்று சொன்ன பக்கத்துக்காரர் ஓசூரில் மாடி வீடு கட்டினார். அன்றிலிருந்து சர்க்கார் ஆள் கேட்டால் கூட்டித்தான் சொல்வது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது.

வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நான் மட்டும் போனேன். அவர் தெற்கத்திக்காரர், சின்ன வயசு. பேச்சு இனிப்பாக இருந்தது; அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"வருஷத்துக்கு எவ்வளவும்மா வரும்?"

"ஏன், எங்க நெலமும் வேணுமா?"

"நிலமா? பிள்ளை படிப்புக்குல்லா கேக்கேன்!"

ரோஜா, கோஸ், தக்காளி, நாலு கறவை மாடு, பெரியவனுக்குக் கம்பெனியில் ஓவர்டைம் என்று அடுக்கினேன். உள்ளபடி இருந்தது வானம் பார்த்த ரெண்டு ஏக்கரும் ஒரு மாடும். பெரியவனுக்கு அந்த மாசம் வேலையே இல்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இதை எழுதினா பிள்ளைக்கு ஒண்ணும் கிடைக்காது."

குறைத்துச் சொல்ல வைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். "எழுதுங்க சார். எங்களுக்கு ஒரு கொறையும் இல்லை" என்று சொல்லி, கைநாட்டு வைக்காமல் முழுக் கையெழுத்தே போட்டுவிட்டு வந்தேன்.

பதினைந்து நாளில் விண்ணப்பம் திரும்பி வந்தது. விடுதியும் இல்லை, உதவித்தொகையும் இல்லை.

"அந்தாளு காசு எதிர்பார்த்திருப்பான். நீ குடுத்திருக்க மாட்ட. அதாம்மா இப்படி எழுதிட்டான்" என்று அழுதாள்.

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

ஆபீசுக்கே போய் எல்லார் முன்னாலும் அவரைக் கிழித்துவிட்டாள். வாசலில் நின்ற என்னை அவர் ஒரு தரம் பார்த்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அடுத்த வருஷம் புதுசா எழுதித் தாரேன்மா" என்றார், அவ்வளவுதான்.

மாட்டை விற்றுக் கட்டணம் கட்டினோம். அந்த வருஷம் முழுக்க விடியுமுன் கிளம்பி, ஓசூர், கிருஷ்ணகிரி என்று மூன்று பஸ் மாறிப் போனாள். நின்றுகொண்டே தூங்குவாளாம். மறுவருஷம் நான் போய் உள்ளதைச் சொன்னேன். விடுதி கிடைத்தது.

இன்றைக்கு அவளும் ஒரு கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாள். ஆனால் லஞ்சம் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், அந்த வி.ஏ.ஓ.வைத் திட்டாமல் விடமாட்டாள். பதினேழு வயசில் அவளுக்குப் புரியாதது இன்னும் புரியவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

எழுதிட்டியா கண்ணு? முதல்ல இருந்து படி. சத்தமாப் படி, உங்கம்மா சமையக்கட்டுலதான் இருக்கா.