இரண்டு கண்ணையும் திறந்து அளந்தது

அன்று பார்வை சோதிக்கும் அறையில் இருந்தவர்கள்: புதிதாக வந்த கண் டொக்டர் அம்மா. குருநகர் ரெஜினா, மீன் விற்பவர். அவருடைய மகள் ஜெனிற்றா, ஒன்பது வயது. எழுத்து அட்டைக்கு விளக்குப் போடும் நான்.

ஜெனிற்றாவுக்கு வலது கண் சோம்பல் கண். கண்ணில் நோய் இல்லை. மூளை அந்தக் கண்ணைச் சேர்த்துக்கொள்வதில்லை. நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மூடி மற்றதை வேலை வாங்குவதுதான் பழைய முறை. ஓராண்டாக மூடியும் அட்டையில் அவள் வாசிக்கும் வரிகளில் ஒன்றுகூட ஏறவில்லை. வயது போய்விட்டது, நிற்பாட்டுவோம் என்று முன்பிருந்த டொக்டர்கள் சொன்னார்கள். ரெஜினா விடவில்லை. அன்றும் வந்துவிட்டார்.

“ஒட்டுப்போட்டிட்டுப் பிள்ளை என்ன செய்யிறவள்?” டொக்டர் கேட்டார்.

“இறால் கோது உரிப்பாள், டொக்டர். கண்ணுக்குக் கிட்ட வைச்சுச் செய்யிற வேலை குடுக்கச் சொன்னவை.”

“உரிக்கேக்கை இறாலைப் பாக்கிறனியோ, பிள்ளை?”

“அதை ஏன் பாக்கிறது? கைக்குத் தெரியும். ரீவி கேட்டுக்கொண்டு உரிப்பன்.”

“அடி கள்ளி” என்றார் ரெஜினா.

“அவளை ஏசாதேங்கோ. நாங்கள் கேக்காமல் விட்டிட்டம்.”

டொக்டர் ஒட்டை உரித்தார். வலது கண்ணுக்குச் சிவப்பு, இடது கண்ணுக்குப் பச்சை என்று ஒரு கண்ணாடி போட்டார். நாலு புள்ளி எரியும் ரோச் லைற்றை என்னைக் காட்டச் சொன்னார். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் நாலும் தெரியும். நல்ல கண் தனியே பார்த்தால் மூன்று.

“மூண்டு” என்றாள் ஜெனிற்றா.

“வடிவா, நல்லாப் பாரடி” என்றார் ரெஜினா.

“வடிவாத்தான் பாக்கிறாள், ஒரு கண்ணாலை” என்றார் டொக்டர்.

அதன்பின் ஒட்டு இல்லை. அதே கண்ணாடியோடு கொம்பியூட்டரில் விளையாட்டு. படகு வலது கண்ணுக்கு மட்டும் தெரியும், வலை இடது கண்ணுக்கு மட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பிடிக்கலாம். ரெஜினா சந்தை முடிந்து மீன் மணத்தோடு பிள்ளையைக் கூட்டி வருவார்.

“தலையிடிக்குது அம்மா. படகு ஒளிக்குது.”

“ஒளிக்கட்டும். தேடு. உன்ரை அப்பாவும் உப்பிடித்தான் கடலிலை மீனைத் தேடுறார்.”

சில பிள்ளைகளுக்கு இது சரிவரவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு கண்ணை மூடி அளந்தது பாதி அளவு. பிள்ளை வீதியைக் கடப்பது இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு.

மழைக்காலம் முடிந்து டொக்டர் திரும்பவும் சோதித்தார். நான் அந்த நாலு புள்ளி ரோச்சைப் பிடித்தேன். ஜெனிற்றா நேரம் எடுத்தாள்.

“நாலு.”