நடுவில் அறுத்த அலமாரி

கார் பட்டறையில் அவளுக்குப் பட்டி அக்கா என்று பெயர். இடிபட்டு, மூஞ்சி கோணிப்போய் வருகிற வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவது மற்றவர்கள் வேலை. அதன்பின் பள்ளத்தில் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, "இது என் வண்டிதானா?" என்று சொந்தக்காரரே சந்தேகப்படும்படி செய்வது அவள் வேலை. கண்ணை மூடி உள்ளங்கையால் ஒரு தடவை தடவினால் போதும், மேடு பள்ளம் தெரிந்துவிடும். அந்தக் கைமேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை சில சமயம் அளவு மீறியும் போகும்.

மழைக்காலத்தில் தங்கை குடும்பம் வந்து சேர்ந்தது. தங்கை கணவர் நடத்திய ஸ்டேஷனரி கடை படுத்துவிட்டது; குடியிருந்த வீட்டையும் காலி செய்யவேண்டிய நிலை. "நான் இருக்கேன்ல, கிளம்பி வாங்க" என்று அக்காக்காரி ஒரே போனில் முடிவு கட்டிவிட்டாள். தன் கணவரிடம் சொன்னது அதற்கப்புறம்தான். அவர் பேக்கரியில் அடுப்புப் பக்கம் வேலை பார்ப்பவர், எதற்கும் சூடாகாத மனுஷன்.

"சொல்லிட்டியா? அப்ப நான் சரின்னு சொல்றது மட்டும்தான் பாக்கி. சரி" என்றார்.

இரண்டாம் மாடியில் மூன்றே அறைகள். அவள், கணவர், இரண்டு மகள்கள். தங்கை, தங்கை கணவர், அவர்கள் மகன். துணிமணி எல்லாம் மூட்டையிலும் அட்டைப்பெட்டியிலும் நாற்காலி முதுகிலும் கிடந்தது. ஒரு துண்டு தேடினால் மூன்று பேர் சண்டைக்கு வருவார்கள். ஒருநாள் காலை அவசரத்தில் சகலைகள் இருவரும் ஒருவர் பேண்ட்டை ஒருவர் மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பேக்கரிக்காரர் நாள் முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டே ரொட்டி அடுக்கினார். தங்கை கணவரோ, போன இடம் வேலை கேட்கும் இடம். இரண்டு பேர் நுழையக்கூடிய பேண்ட்டோடு நேர்காணலில் நின்றுவிட்டு வந்தவர், அன்றைக்கு யாரோடும் பேசவில்லை.

அதற்கு முன்பும் அவர் அதிகம் பேசியதில்லை. அவருடைய பெட்டிகள் மட்டும் ஒட்டின டேப் பிரிக்காமல் வழியில் அடுக்கியிருந்தன. எல்லோரும் இடித்துக்கொண்டு நடந்தார்கள்.

"பிரிச்சு வைங்க மாப்பிள்ளை" என்றாள் அவள்.

"எதுக்குக்கா? எப்படியும் சீக்கிரம் கிளம்பிடுவோம்."

"எங்க வைக்கிறதுன்னு கேளுங்க, அதுல நியாயம் இருக்கு. அதுக்கு நான் வழி பண்றேன்."

அடுத்த விடுமுறையன்றே பழைய சாமான் விற்கும் கிடங்குக்குப் போனாள். அங்கே, மூடிப்போன ஒரு மருந்துக்கடையின் அலமாரி சுவரோரம் நீட்டி நின்றது. மேலே கதவு வைத்த தட்டுகள், கீழே வரிசை வரிசையாக இழுப்பறைகள். உரிந்து தொங்கும் பச்சைப் பெயிண்ட்டைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். அவளுக்கோ கை பரபரத்தது.

"இதை யாரும் கேக்கலையா?" என்றாள் கடைக்காரரிடம்.

"கேக்காம என்னம்மா? வர்றாங்க, டேப் வச்சு அளக்குறாங்க, போயிடுறாங்க."

அவள் அளக்கவில்லை. வாங்கிவிட்டாள்.

பலன் மாடிப்படியில் தெரிந்தது. நாலு பேர் தூக்கியும் அலமாரி முதல் மாடித் திருப்பத்தில் சிக்கி, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் நின்றது. முதல் மாடிக்காரர் கதவைத் திறந்தார். எதிரே அலமாரியின் முதுகு. "நான் டியூட்டிக்குப் போகணும்!" என்று இடுக்கு வழியாகக் கத்தினார். கடைசியில் அதன் அடியில் தவழ்ந்துதான் வெளியே வந்தார். மூச்சு வாங்க வாங்கத் திரும்பவும் கீழே இறக்கிப் பின்கட்டில் போட்டார்கள்.

"திருப்பிக் குடுத்துடலாமா?" என்றார் கணவர்.

"முன் வச்ச காலைப் பின்னால வச்சு எனக்குப் பழக்கமில்ல. ரம்பம் கொண்டாங்க."

"அறுக்கப் போறியா?"

"நடுவுல ஒரு தடுப்பு இருக்கு பாருங்க. அதை ஒட்டி அறுத்தா ரெண்டு அலமாரி. திறந்து கிடக்கிற பக்கத்துக்கு ஒரு பலகை அடிச்சா முடிஞ்சுது."

கட்டிய வீட்டுக்கு எட்டு வக்கணை சொல்ல ஜன்னலுக்கு ஜன்னல் ஆள் நின்றது. ரம்பம் நீளம்; மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கணவர் வேலைக்குக் கிளம்பவேண்டிய நேரம். அவள் மேலே பார்த்து, "மாப்பிள்ளை, இறங்கி வாங்க!" என்று குரல் கொடுத்தாள். தெருவே கேட்டபிறகு அவர் வராமல் இருக்க முடியவில்லை.

அறுத்தார்கள். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் போனது. அதைப் பட்டியில் சரிக்கட்டிவிடலாம் என்று அவள் சொன்னாள், சரிக்கட்டியும் விட்டாள். அதற்கப்புறம்தான் வினை. மரம் என்ன, தகரம் என்ன என்ற நினைப்பில், பழைய பெயிண்ட்டை மேலோட்டமாகத் தேய்த்துவிட்டுப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த கார் பெயிண்ட்டை அடித்தாள். அதில் கலந்திருந்த தின்னர் பட்டதும் அடியிலிருந்த பச்சை பொங்கி எழுந்து, பளபளவென்று நின்ற கதவு கண்ணெதிரிலேயே யானைத்தோலாகச் சுருங்கியது. பட்டறையில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவளே நாலு வாங்கு வாங்கியிருப்பாள்.

பக்கத்தில் நின்ற தங்கை கணவர் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்புச் சத்தம் கேட்டுத் தங்கை ஜன்னலுக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. சிரிச்சு முடிச்சதும் இந்தச் சுரண்டியைப் பிடிங்க" என்றாள் அக்கா.

பெயிண்ட் கரைக்கும் மருந்தைத் தடவி, ஊறவைத்து, கதவு கதவாகச் சுரண்டினார்கள். மாலைகள் அதிலேயே போயின. பச்சைக்கு அடியில் வெள்ளை, அதற்கும் அடியில் வெளிர்பழுப்பாக மரம். ஒருநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே கேட்டார்.

"கடையை நான் ஒழுங்கா நடத்தலையோக்கா?"

"எனக்கென்ன தெரியும்? எங்ககிட்ட வர்ற வண்டியை எவன் இடிச்சான்னு நாங்க கேக்குறதில்ல மாப்பிள்ளை. எங்க நசுங்கியிருக்குன்னுதான் பாப்போம்."

"எனக்கு எங்க நசுங்கியிருக்கு?"

"வாய்ல. வந்ததுலேருந்து திறக்கவே மாட்டேங்குது."

மறுபடியும் சிரித்தார். அப்புறம் பேச ஆரம்பித்தவர், இருட்டும்வரை நிறுத்தவில்லை. கடையின் முதல் நாள், பேனா எழுதிப் பார்க்கவென்றே வந்து வாங்காமல் போகும் பெரியவர், எதிரில் பெரிய கடை வந்தபின் ஒவ்வொன்றாகக் காலியான தட்டுகள். அவள் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

என்ன கலர் அடிப்பது என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. "கலரே வேண்டாம்க்கா, இப்படியே நல்லாருக்கு" என்று அவர் சொன்னதுதான் எடுபட்டது. வார்னிஷ் மட்டும் பூசினார்கள். இந்த முறை அவள் கதவின் உள்பக்கத்தில் கொஞ்சம் பூசிப் பார்த்துவிட்டுத்தான் மேலே கை வைத்தாள்.

இரண்டு பாதியும் மாடிப்படியில் வழுக்கிக்கொண்டு ஏறின. தூக்க முதலில் வந்தவர், அன்றைக்குத் தவழ்ந்த அதே முதல் மாடிக்காரர். ஆளுக்கு இவ்வளவு இழுப்பறை என்று பிரித்துக்கொண்டார்கள். சாக்ஸுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, சார்ஜர் ஒயர்களுக்கு ஒன்று. மூத்த மகள் தனக்கு மட்டும் பூட்டு வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். வழியிலிருந்த பெட்டிகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் பட்டறையிலிருந்து அவள் திரும்பியபோது வழி காலியாக இருந்தது. சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தவர், "தட்டு பத்தலக்கா" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நாளிலேயே ஒரு சரக்குக் கிடங்கில் அவருக்கு வேலை கிடைத்தது. எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிற வேலை. இந்தமுறை பேண்ட் அவருடையதுதான்.

ஒரு வருஷம் கழித்துப் பக்கத்துத் தெருவில் வீடு பிடித்துத் தனிக்குடித்தனம் போனார்கள். ஒரு பாதி அலமாரி அவர்களோடு போனது. தங்கை அழுதாள், ஒரு தெரு தாண்டுவதற்கு இவ்வளவு கண்ணீரா என்று அக்கா திட்டினாள், திட்டிக்கொண்டே தங்கையின் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

காலியான சுவரோரம் தனக்கென்று ஒரு நாற்காலி போட்டுக்கொள்வதாக அவள் மனதுக்குள் திட்டம் வைத்திருந்தாள். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், மகள்கள் இருவரும் தங்கள் கட்டிலை அங்கே பாதி இழுத்துவிட்டு, மீதியை நகர்த்த முடியாமல் வியர்த்து நின்றார்கள்.

"யாரைக் கேட்டு இழுத்தீங்க?"

"யாரைம்மா கேக்கணும்?"

தன் பிள்ளைகள்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பையை ஆணியில் மாட்டிவிட்டு, கட்டிலின் மறுபக்கத்தில் தோளைக் கொடுத்தாள்.