பிளாஸ்திரி போட்ட மோட்டார்

எழுபதுகளின் கடைசியில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. நான் அப்போது தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. வயது இருபத்தாறு. வெள்ளைச் சீருடை, கறுப்புப் பை, ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள். உதைத்துக் கிளப்பும் சின்ன மோட்டார்தான். ஆனாலும் பெண் ஒருத்தி அதை ஓட்டி வருவதைப் பார்க்க தொழிலாளர் லயத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நிற்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. ஓட்டத் தெரியுமே தவிர, அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அன்று மதியம் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். தலைப்பிரசவம். அந்தப் பெண் தைப்பிங்கிலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை இல்லை. பிள்ளை கால் கீழாக இருந்தது. வலி இப்போதுதான் தொடங்கியிருந்ததால் நேரம் இருந்தது. ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்கிற பிரசவம் இல்லை, ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். தோட்டத்து வேன் மூன்று மைல் தள்ளி ஆபீசில் நின்றது. நான் நேரில் போய்க் கேட்டால்தான் ஆபீஸ் கணக்கர் கிராணி அதை அனுப்புவார். பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு வெளியே வந்து மோட்டாரை உதைத்தேன்.

உதைத்தேன், உதைத்தேன், கால் கடுக்க உதைத்தேன். அது இருமக்கூட இல்லை.

மழைக்குப் பிறகு அந்தச் செம்மண் பாதையில் சைக்கிள் உருளாது, நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பட்டணத்தில் அன்று தேர்த் திருவிழா. மோட்டார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். லயத்தில் மிஞ்சியவர்களிடம் மோட்டார் இல்லை. ஆனால் மோட்டாரைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

“பேட்டரி ஹாபிஸ் லா, தீந்துபோச்சு மிஸ்ஸி. அதான் கெளம்பல” என்றார் அந்தப் பெண்ணின் புருஷன். சொன்ன கையோடு பக்கவாட்டு மூடியைத் திறந்தார்.

அடுத்த வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ஹார்னை அழுத்திக் காட்டினார். “சத்தம் வருதே தம்பி. பேட்டரி நல்லாத்தான் இருக்கு.”

“சத்தம் கம்மிண்ணே. இன்னொருக்கா அடிங்க.”

இன்னொருக்கா அடித்தார். பிறகு இன்னும் பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் ‘கம்மி’, ‘கம்மி இல்லை’ என்று விவாதம் நடந்தது. உள்ளே இருந்து முனகல் கேட்டு நான் ஓடினேன்.

“மிஸ்ஸி, அந்த மோட்டார்ல...” என்று ஆரம்பித்தாள் அவள்.

“நீ பேசாம படும்மா. அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க” என்றேன். ஒரு பெண்ணாக இருந்து, அதுவும் மோட்டாரில் வந்தவளாக இருந்து, இதை நான்தான் சொன்னேன்.

திரும்பி வந்தால் பேட்டரி கழற்றப்பட்டுத் தரையில் இருந்தது. தள்ளிவிட்டால் கிளம்பிவிடும் என்று என்னை ஏற்றி உட்காரவைத்து மூன்று பேர் தள்ளினார்கள். மோட்டார் கிளம்பவில்லை. நான் மட்டும் சறுக்கிக்கொண்டு போய் ஓடைக்கரையில் விழுந்தேன். வெள்ளைச் சீருடை செம்மண் நிறமாகிவிட்டது. கைகழுவ உள்ளே போனபோது அவள் மறுபடியும், “மிஸ்ஸி, மழையில தானே ஓட்டிட்டு வந்தீங்க?” என்றாள். “மூச்ச நல்லா இழுத்து விடு” என்று அதட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வெளியே இப்போது பெட்ரோல் தொட்டியைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சுவரைப் பிடித்தபடி அவளே வாசலுக்கு வந்தாள். பின்னால் பக்கத்து வீட்டு அக்கா, “சொல்லச் சொல்லக் கேக்காம வருது மிஸ்ஸி” என்று பதறினார்.

அவள் தரையில் கிடந்த பேட்டரியைப் பார்த்தாள். “அத ஏங்க கழட்டுனீங்க? இந்த மோட்டார் கெளம்ப பேட்டரியே வேணாம். அது ஹார்னுக்கும் சிக்னலுக்கும்தான்.”

“உனக்கு என்னா தெரியும், உள்ள போ” என்றார் புருஷன்.

“எங்கப்பா மோட்டார் கடையில எட்டு வருசம் பிளக்கு தொடச்சவ நான். தைப்பிங் மழைக்கு தெனம் நாலு மோட்டாராவது இதே சீக்கோட வரும்.”

மாமனார் மோட்டார் கடை வைத்திருப்பது அவருக்குத் தெரியும். கடையில் வேலை செய்தது யார் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அவள் மோட்டார் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியிலேயே செருகி, எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து உதைக்கச் சொன்னாள். பொறி வரவில்லை. நடுவில் வலி வந்தது. எல்லாரும் அப்படியே நின்றோம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வலி தணிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

“இப்ப அந்தத் தொப்பியத் திருகிக் கழட்டுங்க.” கழற்றியதும் உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. “கம்பி முனைய இரும்புக்கு ஒரு நெல்லு தூரத்துல பிடிங்க. ரப்பர் மேல பிடிக்கணும், கம்பியத் தொடக் கூடாது.”

புருஷன் பாதியைத்தான் கேட்டிருந்தார். அடுத்த வீட்டுக்காரர் உதைத்தார். ‘ஆத்தா’ என்று ஒரு சத்தம். புருஷன் சேற்றில் உட்கார்ந்திருந்தார்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. “கரண்டு நல்லா இருக்குங்க. தொப்பிதான் போச்சு.”

தொப்பி இல்லாமலே கம்பியைப் பிளக்கின் முனையில் சுற்றிவிடலாம் என்றாள். ரப்பர் உறையைச் சீவ வேண்டியிருந்தது. புருஷன் என் பையில் கையை விட்டு, தொப்புள்கொடி வெட்டக் கொதிநீரில் போட்டு எடுத்து வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தார். கையில் ஓர் அடி போட்டு, கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். பிளக்கைத் திரும்ப மாட்டிக் கம்பியைச் சுற்றி, அசையாமல் இருக்கப் புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரியை மேலே ஒட்டினோம். மூன்றாவது உதையில் மோட்டார் கிளம்பியது. புருஷன் என் பையைத் தூக்கிவந்து மாட்டிவிட்டு, “மெதுவா போங்க மிஸ்ஸி, ஆனா சீக்கிரம் வாங்க” என்றார்.

வேன் வந்தது. ஈப்போ போய்ச் சேர்ந்தோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆண் பிள்ளை பிறந்தது, மோட்டாரை உதைக்க வந்தவன் மாதிரி காலை முன்னால் நீட்டிக்கொண்டு. தாயும் பிள்ளையும் நலம். மறுநாள் மோட்டாரைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடை முதலாளி சீனத் தவுக்கே பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்து, எத்தனை நாள் மருத்துவ விடுப்பு என்று மலாயில் கேட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பிள்ளைக்கு எடை பார்க்க அவர்கள் வந்தபோது, பேட்டரி இல்லாமலே மோட்டாரைக் கிளப்பின கதையைப் புருஷன் வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையில் எல்லாம் அவரே செய்தார். அவள் என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்குச் சிரிப்போடு வெட்கமும் வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? அவள் வாயை இரண்டு தடவை அடைத்தவள் நான்தானே.

அவளுக்கு வலி வயிற்றில்தான் இருந்தது, அறிவில் இல்லை என்பதை அவளே எழுந்து வந்து சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பிரசவம் பார்த்துவிட்டேன், படுக்கையில் கிடக்கும் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தால் இன்றைக்கும் என் கை தானாக நின்றுவிடுகிறது.