நாலு கம்பனிக்கு ஒரு புரோகிராம்

எங்கள் முதலாளிக்கு நாலு கம்பனி இருந்தது. நாலும் ஹட்டன் டவுனில் ஒரே மாடியில், ஒரே அறையில், ஒரே மேசையில் நடந்தன. அரிசி பருப்பு மொத்த வியாபாரம் ஒன்று. மரக்கறி வாங்கிக் கொழும்புக்கு அனுப்புவது ஒன்று. தேயிலைத் தூளைப் பைக்கற்றில் அடைத்து விற்பது மூன்றாவது. நாலாவது, ஐந்து லொறி ஓடிய லொறிக் கம்பனி. நாலுக்கும் கிளாக்கர் நான் ஒருத்தன்தான். சம்பளம் மட்டும் ஒரு கம்பனிதான் கொடுத்தது. எந்தக் கம்பனி என்று ஒரு தடவை கேட்டேன். "வாங்குறியா இல்லையா, அத மட்டும் பாரு" என்றார்.

எதற்கு நாலு என்று அவரே ஒருநாள் விளக்கினார். "ஒரு கம்பனின்னா வரி ஆபீஸ்காரன் நேரா உள்ள வந்துருவான். நாலுன்னா வாசல்லயே அவனுக்குத் தல சுத்தும்." வரி ஆபீஸ்காரர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். தலை சுற்றியது எனக்கு.

மற்ற மூன்று கம்பனிச் சாமான்களையும் ஏற்றி இறக்கியது எங்கள் லொறிகள்தான். ஆகவே காலையில் நான் அரிசிக் கடையின் கிளாக்கராக இருந்து லொறிக் கூலிக்குச் செலவு எழுதுவேன். மத்தியானம் லொறிக் கம்பனியின் கிளாக்கராக மாறி, பணம் பெற்றுக்கொண்டேன் என்று ரசீதில் கையெழுத்துப் போடுவேன். பணம் முதலாளியின் இழுப்பறைக்குள் போகும். பின்னேரம் லொறிக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது அந்த வரவை மறந்துவிடுவேன். மறப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். இப்படியாக, மூன்று கம்பனிக்காரர்கள் கூலி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், லொறிக் கம்பனி வருஷா வருஷம் நட்டத்திலேயே ஓடியது.

அந்த லொறிக் கம்பனியில் மட்டும் முதலாளிக்குப் பாதிதான். மற்றப் பாதி அவருடைய தம்பிக்கு. முதல் லொறியைக் கடனுக்கு வாங்கி, தானே ஓட்டி, ஒன்றை ஐந்தாக்கியவர் அந்தத் தம்பி. அவர் மாரடைப்பில் போன பிறகு பங்கு அவர் மனைவிக்கு வந்தது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு றொசல்லயில் தாய் வீட்டோடு இருந்தார். மாதம் ஒரு தடவை ரயிலில் வந்து, மாடிப்படிக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து, "இந்த மாசமாச்சும் ஏதும் உண்டுங்களா?" என்று கேட்பார். முதலாளி டயர் விலையைச் சொல்வார். டீசல் விலையைச் சொல்வார். நேரமிருந்தால் உலக நிலவரமும் சொல்வார். அக்கா ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்.

கடைசியில் முதலாளிக்கே இரக்கம் வந்துவிட்டது. நட்டத்தில் ஓடும் அந்தப் பாதியை, பாவம், தானே வாங்கிக்கொள்கிறேன் என்றார். பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் உறுதியும் எழுதி முடித்தார். அவர் சொன்ன விலைக்கு ஒரு லொறியின் இரண்டு டயர் வரும். அக்கா கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றே ஒரு வருஷத்தைக் கடத்தினார்.

அப்போதுதான் கம்பியூட்டர் வந்தது. எண்பதுகளின் கடைசிப் பக்கம் அது. கண்டியில் ஒரு வியாபாரி வாங்கிவிட்டாராம், அன்று முதல் எங்கள் முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. ஹட்டனில் முதல் ஆளாக வாங்கியே தீருவேன் என்று நின்றார். அக்காவிடமும் பெருமையடித்தார். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "மெசினுக்குச் சொந்தக்காரங்க வேண்டியவங்கன்னு கெடையாதில்லங்க. அது நட்டம்னு சொல்லட்டும், நான் கையெழுத்துப் போட்டுடுறேன்" என்றார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். தன் காசில் வாங்கிய மெசின் தன் பேச்சைத்தானே கேட்கும் என்று நினைத்திருப்பார்.

இயந்திரம் எல்லாம் ஒன்றுதான், உள்ளே போடும் புரோகிராமைப் பார்த்து எடுக்க வேண்டும் என்றார்கள். முதலில் கொழும்பிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒரு சிங்கள மாத்தயா வந்தார். நாலு கம்பனியையும் தனித்தனியாகவும் பார்க்கலாம், ஒரு விசையைத் தட்டினால் நாலும் ஒன்றாக வந்து நிற்கும் என்றார். ஒரு கிழமை வைத்துப் பாருங்கள் என்று பெட்டியையும் பிரின்டரையும் விட்டுப் போனார்.

நான் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன். எனக்கு முன்னால் அப்படி ஒரு பெட்டி. சந்தோஷத்தில் புத்தி கெட்டுவிட்டது. போன வருஷக் கணக்கையெல்லாம் உட்கார்ந்து தட்டினேன். லொறிக் கூலி என்று செலவு எழுதும் இடத்திலெல்லாம், யாருக்குக் கொடுத்தது என்று அது கேட்டது. கேட்ட கேள்விக்கு நானும் ஒழுங்காகப் பதில் சொன்னேன்: நாலாம் கம்பனிக்கு. அடுத்த நிமிஷமே அது தானாகப் போய் நாலாம் கம்பனியில் வரவு வைத்துவிட்டது. மனுஷனுக்கு மறக்கப் பின்னேரம் வரையாவது நேரம் கொடுக்கவேண்டாமா?

கிழமை முடிவில் மாத்தயா வந்து விசையைத் தட்டினார். பிரின்டர் கீச்சு கீச்சென்று தாளைத் தள்ளியது. நாலு கம்பனியிலும் அதிக லாபம் லொறிக் கம்பனிக்குத்தான். முதலாளி தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று மாத்தயாவைக் கேட்டார். "முதலாளி, அது கேட்கிறதுக்குத்தானே காசு" என்று அவர் சிங்களத்தில் சிரித்தார். எங்கள் அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. தாள் முதலாளியின் சட்டைப் பைக்குள் போனது.

அடுத்த கிழமை கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து ஒரு பொடியன் மாதிரி வியாபாரி வந்தான். அவனுடைய புரோகிராமுக்கு ஒரு கம்பனிதான் தெரியும். நாலு கம்பனி என்றால் நாலு தடவை வாங்க வேண்டும். ஒன்றுக்குள் என்ன நடக்கிறதென்று மற்றதுக்குத் தெரியாது. பிளேன்டீக்குச் சீனி கூடிவிட்டதென்று ஐந்து சதம் குறைத்துக் கொடுக்கிற மனுஷன், பேரமே பேசாமல் நாலு வாங்கினார்.

இரண்டையும் ஒப்பிட்டு ஒரு அறிக்கை எழுது என்றார் என்னிடம். அக்கா கேட்டால் காட்ட வேண்டுமாம். நான் தலையைச் சொறிந்தேன். "புடிக்கலன்னா சொல்லு தம்பி. ஒங்க தோட்டத்துல வேலைக்குப் பேர் பதியுறாங்களாம். காலங்காத்தால ஆள் எண்ணுற பெரட்டுல போய் நின்னா ஒடம்புக்கும் நல்லது" என்றார் அன்பாக. லயத்திலிருந்து அந்த மாடிப்படி ஏற எனக்கு இருபத்திரண்டு வருஷம் பிடித்திருந்தது. இறங்குவதற்கு ஒரு நிமிஷம் போதும்.

எழுதினேன். முதல் புரோகிராம் தேவைக்கு அதிகமான கேள்விகள் கேட்கிறது, இரண்டாவது நமது தொழில் முறைக்கு மிகவும் பொருத்தமானது என்று ஒன்றரைப் பக்கம், நல்ல இங்கிலீஷில். சம்பளமும் கூடியது. அந்தக் காசில் வீட்டுக்கு ஒரு ரேடியோ வாங்கினேன். அதை ஒருநாளும் நிம்மதியாகக் கேட்டதில்லை.

நொத்தாரிசு வந்த அன்று அக்காவும் ரயிலிறங்கி வந்தார். முதலாளி என்னைப் பார்க்க, நான் லொறிக் கம்பனி பிளாப்பியைப் போட்டு விசையைத் தட்டினேன். நட்டம் என்று மெசின் சொன்னது. நான் கொடுத்த கணக்குக்கு அது வேறென்ன சொல்லும். அக்காவுக்கு அந்தத் தாளில் ஒரு வரி விளங்காது. என் முகத்தைப் பார்த்தார்.

"நட்டந்தானுங்களா தம்பி?"

"நட்டந்தான் அக்கா."

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு முதலாளி பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். "இத்தன வருசமா ஒங்களச் சந்தேகப்பட்டுட்டேனுங்க. மனசுல வச்சுக்காதீங்க." முதலாளி பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. அவர் போனால் போதும் என்று இருந்தது. அவர் போகவில்லை, என் மேசைக்கு வந்து நின்றார்.

"அந்தக் கடதாசிய எனக்குத் தாங்க தம்பி. மக எப்பப் பாத்தாலும் எங்கப்பா கெட்டிக்காரரு, அஞ்சு லொறி வச்சிருந்தாருன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறா. நானுந்தான் அப்பிடி நெனச்சேன். மெசினே சொன்னதுக்கப்புறம் என்ன இருக்கு. அவளுக்கும் காட்டிடுறேன்."

தாளின் இரண்டு ஓரத்திலும் இருந்த துளைக் கீற்றுகளை நான் சுத்தமாகக் கிழித்தெடுத்தேன். மடித்து, மழையில் நனையாமல் இருக்க ஒரு கவரில் போட்டு, அவர் கையில் கொடுத்தேன்.