வடகிழக்கே சாய்ந்த என் மூன்று மாடி

நகரங்களில் இப்போது வானத்தை முட்டும் கட்டடங்களை வேண்டுமென்றே சாய்த்துக் கட்டுகிறார்களாம். மகன் படம் காட்டினான். ஒன்று முறுக்கிப் பிழிந்த வேட்டி மாதிரி நிற்கிறது. இன்னொன்று கள்ளுக்கடையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பியவன் மாதிரி நிற்கிறது. பெரிய படிப்புக்காரர்கள் கூடி உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்த வேலை என்றான். நான் நாலாம் வகுப்பு. எழுபதுகளிலேயே கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளத்தில் இதைத் தனி ஆளாகச் செய்து முடித்துவிட்டேன்.

மாட்டுச் சந்தையில் மூக்கணாங்கயிறு விற்று முன்னுக்கு வந்தவன் நான். தோளில் தொங்கிய கயிறு கடையில் தொங்கத் தொடங்கியதும் சொந்தக் கட்டடம் கட்டினேன். கீழே கடை, நடுவில் கிடங்கு, உச்சியில் நாங்கள் குடியிருக்க வீடு. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வருகிறவன் கேரளத்தில் முதலில் பார்ப்பது என் வீட்டு ஜன்னலாக இருக்க வேண்டும் என்பது என் திட்டம். அந்த வட்டாரத்தில் எனக்குப் போட்டியாக இருந்தவை பனைமரங்கள் மட்டும்தான்.

கிணறு ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். அரசாங்கச் சட்டத்துக்காவது விலக்கு உண்டு, இதற்குக் கிடையாது. இடமோ ஐந்து சென்ட். மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

“மொதலாளி, கெணறு அஸ்திவாரத்த ஒட்டி வருதுங்க. கருமண்ணு. தண்ணி எறைக்க எறைக்க மண்ணு உள்ள எறங்கும். மேக்கால தள்ளித் தோண்டிக்கலாமுங்க.”

“மேக்கால தோண்டுனா குடும்பம் வெளங்குமா?”

“கட்டடம் நிக்குமுங்க.”

“நீங்க செவுத்தப் பாருங்க மேஸ்திரி. மூலைய நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டேன். அந்தக் கோடை முழுவதும் அதே கிணற்றில் மோட்டார் வைத்து இறைத்துத்தான் மூன்று நிலையும் எழும்பின.

புதுமனை புகுந்த அன்று உச்சி வீட்டில் பால் காய்ச்சினோம். பால் வடக்கிலோ கிழக்கிலோ பொங்கி வழிந்தால் நல்லது. எங்கள் பால் இரண்டு திசையையும் விடாமல் நடுவிலிருந்த ஈசானிய மூலையைப் பார்த்து ஒரே கோடாக வழிந்தது. என் மனைவியின் அண்ணன், தென்னந்தோப்புக்காரர், கயிறு விற்றவனுக்குத் தங்கையைக் கொடுத்ததை அன்றுவரை செரிக்க முடியாதவர், அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்படிப் பொங்கி நான் பாத்ததே இல்லீங்க மாப்ள!”

இன்னொரு பானை வைக்கச் சொன்னேன். அதுவும் அங்கேயே வழிந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். மேஸ்திரி மட்டும் சத்தமில்லாமல் மொட்டைமாடிக்கு ஏறி, சுவரோரமாகத் தூக்குக்குண்டை இறக்கினார். தரைக்கு வந்தபோது குண்டு சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. எங்கும் ஒரு கீறல் கிடையாது. கட்டடம் மொத்தமும் ஒற்றுமையாகச் சாய்ந்திருந்தது.

“உச்சிய எறக்கி, கெணத்த மூடிப்போட்டா மத்த ரெண்டும் தாங்குமுங்க. இல்லீன்னா மழைக்கு நான் ஜவாப்தாரி இல்லீங்க,” என்றார் மேஸ்திரி.

என் மனைவி இரண்டு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

“நான் எங்கண்ணனூட்டுக்குப் போறனுங்க. அந்த உச்சி நிக்கற வரைக்கும் எங்கொழந்தைக இங்க கால் வெக்காதுங்க.”

“மாப்ள வேணும்னா இருந்துக்கட்டும்,” என்றார் மச்சான். “பனமரத்துல பருந்து இருக்கறதில்லையா?”

இருந்தேன். பதினொரு நாள். உச்சியை இறக்கினால் என் தலையை இறக்கின மாதிரி அல்லவா? சந்தை நாளில் மாட்டுத் தரகர்கள் கீழே கூடி அண்ணாந்து பார்த்தார்கள்.

“ஏனுங்க, எப்பங்க உழுகும்? மாட்ட அக்கட்டால தள்ளிக் கட்டோணுமா?”

“உங்க மாடு செத்தாலும் இது நிக்குமுங்க!” என்று ஜன்னலிலிருந்து கத்தினேன். குழந்தைகள் இல்லாத வீட்டில் அந்தச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

பன்னிரண்டாம் நாள் காலை மேற்கே வானம் கறுத்தது. முதல் தூறல் விழுந்ததும் வாசற்கதவு தானாகத் திறந்தது. சாத்தினேன். மறுபடி திறந்தது. வெளியே போ என்று சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லாததால் கதவே சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். இறங்கிப் போய் மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

பயந்து இடித்தேன் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். தவறு. பெருமழை முந்துவதற்குள் ஒரு மாடியை ஆறே நாளில் இறக்கிக் காட்டியவன் அந்த வட்டாரத்தில் வேறு யார்? இடித்த செங்கல், காரை எல்லாவற்றையும் கிணற்றிலேயே கொட்டினோம். உச்சி வீடு முழுவதையும் அது விழுங்கிக்கொண்டது. கிடங்கைக் காலி செய்து வெள்ளையடித்து, மச்சான் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன்.

அவள் வந்தாள். குழந்தைகளை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு, மூடிய கிணற்றின்மேல் ஏறி நின்று நாலு மிதி மிதித்தாள். பிறகு தலையைத் தூக்கி, மேலே ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டாள்.

“எறங்குங்க கண்ணு,” என்றாள் குழந்தைகளிடம்.